பெற்றவளின் நலம் கேட்பார் யார்?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததென்று கேள்வியுற்றவுடன் நாம் வினவுவது யாது? முதலில், ‘ஆணா, பெண்ணா?’ என்கிறோம். அடுத்து, ‘எடை எவ்வளவு? யாருடைய சாயல்?’ என்கிறோம். இவையெல்லாம் கேட்டு முடிந்த பின்னர், நல்லெண்ணமுடையார் சிலர், ‘தாய் எப்படியிருக்கிறாள்?’ என்று கேட்பர். அவ்வினாவிற்கு விடை முன்னமே ஆயத்தமாயிருக்கின்றது: ‘தாயும் சேயும் நலம்.’ எழுத்திலும் அதுவே, பேச்சிலும் அதுவே. சேயின் நலத்தை நிறுத்துப் பார்த்தோம். தாயின் நலத்தையோ சேயின் நலத்தோடு ஒட்டி எழுதிவிட்டோம். அவள் நலமாயிருக்கிறாளா என்பதை அவளையே கேட்டறிந்தவர் நம்மில் எத்துணைப் பேர்?

இக்கேள்வி வைத்தியத்தை மட்டும் சார்ந்ததன்று, அறத்தையும் சார்ந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அதன் பின்னுள்ள நாட்களில் நாம் செய்யக் கடமைப்பட்டது யாது? அதனை இரக்கத்தாற் செய்கிறோமா, நமக்குப் பிள்ளை தந்தாளென்று கைம்மாறாகச் செய்கிறோமா, அன்றி அவளுக்குரிய உரிமையென்று கருதிச் செய்கிறோமா? அவளுக்கு நோய் உண்டென்றும் இல்லையென்றும் தீர்ப்புக் கூறும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் தொழிலுடையோம். பிறர் குறையை எடுத்துரைக்குமுன் நம் குறையைச் சொல்லிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், செம்பனைத் தோட்டமொன்றில் நாம் வேலை பார்த்திருந்த காலத்தில், லயத்துப் பெண்ணொருத்தி பட்டணத்து ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை பெற்று இரண்டாம் நாள் வீடு திரும்பினாள். நான்காம் நாள் தாதி ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘உடம்பு எப்படியம்மா இருக்கிறது?’ என்று கேட்டார். விடை கூறியவர் மாமியார். ‘அவளுக்கு ஒன்றுமில்லை, பால் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்’ என்றார். கேள்வி ஒருத்திக்கு, விடை மற்றொருத்தியின் வாயிலிருந்து.

ஆறாம் நாள் மாலையில் அப்பெண்ணின் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். ‘கிராணி ஐயா, அவளுக்குக் காய்ச்சல்; குளிர் நடுக்கம் நிற்கவில்லை. தோட்டத்து வண்டி கிடைக்குமா?’ என்றார். அன்று சம்பளக் கணக்கு முடிக்கும் நாள். நாம் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘குழந்தை பால் குடிக்கிறதா?’ என்று கேட்டோம். ‘குடிக்கிறது, ஐயா’ என்றார். ‘அப்படியானால் விடியட்டும், காலையில் வண்டி அனுப்புவோம்’ என்றோம். அவர் மறுபேச்சின்றித் திரும்பிச் சென்றார். நள்ளிரவில் அவள் பிதற்றத் தொடங்கவே, அண்டை வீட்டார் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தனர். கருப்பையிற் பற்றிய கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதென்றும், இன்னும் சில மணி நேரம் தாழ்த்திருந்தால் உயிர் தங்கியிராதென்றும் அங்குள்ள வைத்தியர் கூறினாராம். 17 நாள் ஆஸ்பத்திரியிற் கிடந்து அவள் பிழைத்தாள். பிழைத்தது அண்டை வீட்டாரால், நம்மாலன்று. குழந்தை பால் குடித்தால் தாய்க்கு ஆபத்தில்லையென்று எந்த நூல் நமக்குக் கற்பித்தது? பள்ளியிற் கற்ற சுகாதார பாடமெல்லாம் அவ்வேளையில் எங்கே போயிற்று?

அவள் வீடு திரும்பிய பின், எம் மனையாள் அவளைக் கண்டு, ‘முன்னமே நோவு இருந்ததா, தங்கச்சி?’ என்று வினவினாள். ‘மூன்றாம் நாளே அடிவயிறு வலித்தது, அக்கா, வாடையும் இருந்தது. எல்லாருக்கும் இப்படித்தான், பொறுத்துக்கொள் என்றார்கள். பொறுத்துக்கொண்டேன்’ என்றாளாம்.

பொறுத்துக்கொண்டேன்! இச்சொல்லைப் பெண்ணுக்கு அணிகலனென்று நெடுங்காலமாகப் புகழ்ந்து வந்திருக்கிறோம். பூமியைப் போலப் பொறுப்பவளென்று மேடைதோறும் பாராட்டுகிறோம். பொறுமை அறமா என்றால், அறமே. ஆனால் எப்பொழுது? பழிவாங்கும் வலிமையிருந்தும் சினத்தை அடக்குகின்றவன் பொறுமையுடையவன். வேறு வழியிருந்தும் தானே தெரிந்தெடுத்த பொறுமைக்கே பெருமையுண்டு. வழி அடைபட்டவள் வாயடைத்திருத்தலைப் பொறுமையென்பது, சிறைப்பட்டவனை வீட்டைவிட்டு வெளியேறாத நல்லவனென்று புகழ்வதை ஒக்கும். ஒருவர் தம் வலியைப் பொறுத்தால் அது பொறுமை. பிறர் வலியைப் பொறுத்தால் அதற்குப் பெயர் அலட்சியம். அன்று மாலை நாம் காட்டியது பிந்தியதே.

திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது உண்மை. அங்கே அவர் பேசுவது, பிறர் நமக்கிழைத்த தீங்கைப் பொறுத்தலைப் பற்றி. நோயைப் பற்றிப் பேச ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்திருக்கின்றார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், வைத்தியத்துக்கு உறுப்பு நான்கென்று கூறுகின்றது: நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவார். முதலில் நிற்பவர் நோயுற்றவர் என்பதை அன்பர்கள் நோக்குவாராக. நம் வீடுகளிலோ, பிள்ளை பெற்ற பெண்ணின் திறத்தில் மட்டும் இவ்வரிசை தலைகீழாகிவிடுகின்றது. நான்காவதாக நிற்க வேண்டிய பேணுவார் முதலிடத்தில் ஏறி அமர்ந்து, நோயுற்றவளுக்காகத் தாமே பேசவும் செய்கின்றனர். அவர் அன்புடையர் அல்லர் என்று நாம் கூறவில்லை. இரவெல்லாம் கண்விழித்து ஒத்தடம் கொடுத்தவரும் அம்மாமியாரே. ஆயினும் பேணுதல் வேறு, ஆளுதல் வேறு. அன்புடையார் ஆண்டாலும் ஆளப்படுபவள் வாய் மூடியே நிற்பாள்.

பெண்ணின் சொல்லைக் கேளாமையால் விளையும் கேட்டுக்கு உலக சரித்திரத்தில் ஒரு பெருஞ்சான்று உண்டு. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முன்னாளில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதற் பகுதியில் வைத்தியரும் வைத்திய மாணாக்கரும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சியர் பார்த்தனர். 1846-ஆம் ஆண்டில் முதற் பகுதியிற் பிள்ளை பெற்றவருள் நூற்றுக்கு 11 பேர் மாண்டனர். இரண்டாம் பகுதியில் மாண்டவர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலே யமனாய் வந்தது. நகரத்து ஏழைப் பெண்கள் இதனை அறிந்திருந்தனர். தம்மை முதற் பகுதியிற் சேர்க்க வேண்டாமென்று முழந்தாளிட்டுக் கெஞ்சினர். வழியிலே தெருவிற் பிள்ளை பெறுவதே மேலென்று துணிந்தவரும் உண்டு. கற்றோரோ, காற்றின் கேடு என்றும் அச்சத்தின் விளைவு என்றும் பலவாறாகக் காரணங் கற்பித்தனர்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் அவ்வேற்றுமையைக் கண்டு அமைதி கொள்ளாது ஆராய்ந்தார். பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு வைத்தியரும் மாணாக்கரும் பிரசவ அறைக்கு வருவதே காரணமென்று 1847-இல் தெளிந்தார்; குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டுமென்று விதித்தார். 1848-இல் அப்பகுதியின் சாவு நூற்றுக்கு ஒன்றளவாக இறங்கிற்று. ஆயினும் அக்காலத்துப் பெரியோர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். 1865-இல் அவர் மனநோயாளர் விடுதியொன்றில் மாண்டார். கிருமியே காரணமென்பது பாஸ்டர் முதலியோரால் பின்னரே நிலைபெற்றது. பூதக்கண்ணாடி கிருமியைக் காட்டுமுன், அங்கே ஏதோ தவறிருக்கின்றது என்று சொன்னவர்கள் கெஞ்சி நின்ற அப்பெண்களே. அவர்தம் சொல்லுக்குச் செவியிருந்திருப்பின் எத்தனை உயிர் தப்பியிருக்கும்!

நிற்க. இன்று கிருமியை அழிக்கும் மருந்துகள் உண்டு. 1930-களிற் சல்பா மருந்தும், பின்னர்ப் பென்சிலினும் வந்து பிரசவக் காய்ச்சலின் கொடுமையைத் தணித்தன. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ, பிரசவத்திலோ, அதன் பின்னரோ மாண்டனர். அதாவது நாளொன்றுக்கு 700-க்கு மேற்பட்டோர். அவற்றுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடிய சாவுகளே.

குழந்தை பிறந்தவுடன் ஆபத்தும் நீங்கிற்றென்று எண்ணுவது பெரும்பிழை. உதிரப்போக்கு முதல் நாளிலேயே உயிரைக் குடிக்கவல்லது; சில வேளை வாரங் கடந்தும் தோன்றும். இரத்த அழுத்தம் பிள்ளை பெற்ற பின்னும் ஏறும். கடுந்தலைவலியும் கண் மங்கலும் அதன் முன்னறிவிப்பு. வலிப்பு அதன் முடிவு. காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறி மூச்சையடைக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் துர்நாற்றமும் கிருமியின் அறிகுறிகள். ஆகையாலன்றோ அந்நிறுவனம், பிரசவித்த முதல் 24 மணி நேரத்திலும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், 6-ஆம் வாரத்திலும் தாயையும் சேயையும் பார்வையிட வேண்டுமென்று கூறுகின்றது!

‘கொஞ்சம் உதிரம் போவது இயற்கைதானே’ என்பார்க்கும் ஒன்று கூறுவோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த பெருஞ்சோதனையொன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. பிரசவித்தவளின் கீழ் அளவுக் கோடிட்ட விரிப்பொன்றை இட்டு, போகும் உதிரத்தை அளந்தனர்; அளவு மிஞ்சியவுடன் செய்ய வேண்டிய வைத்தியமனைத்தையும் ஒருசேரச் செய்தனர். கடும் உதிரப்போக்கும் அதனால் நேரும் கேடுகளும் நூற்றுக்கு 60 அளவு குறைந்தன. பழகிய வைத்தியரின் கண்மதிப்பே பிழைபடுமாயின், வாயிற்படியில் நின்று ‘கொஞ்சந்தான்’ என்று சொல்லும் நம் மதிப்பு எம்மாத்திரம்!

‘அப்படியானால் நம் முன்னோர் வழக்கமெல்லாம் மூடப்பழக்கமோ?’ என்று வினவுவாருமுளர். அன்று. மலாய்க்காரர் 44 நாள் ‘பந்தாங்’ காக்கின்றனர். சீனர் ஒரு திங்கள் காக்கின்றனர். நம்மவரும் ஒரு மாதமோ மேலோ காக்கின்றனர். மூவினத்தாரும் கண்ட உண்மை ஒன்றே: பெற்றவளுக்கு ஓய்வும், நல்லுணவும், பிறருடைய கைத்துணையும் வேண்டும். பூண்டுக் குழம்பிலும் சுறாப் புட்டிலும் உள்ள அன்பை யார் மறுப்பார்? ஓய்வு இவ்வழக்கத்தின் பருப்பு. தீட்டு அதன் ஓடு. தீட்டென்று மூலையில் ஒதுக்கி, குடிக்கும் நீரைக் குறைத்து, எழுந்து நடமாடவும் விடாது கிடத்துவது இரத்தம் உறைவதற்கு வழிதேடுவதாகும். தீட்டுக் கழியுமுன் படிதாண்டலாகாதென்று கிளினிக்குக்கு அனுப்பாதிருத்தல் அதனினும் கொடிது. பருப்பை உண்போம், ஓட்டை எறிவோம்.

உடலின் நோயாவது வெளியே தெரியும். மனத்தின் நோய் தெரிவதில்லை. குழந்தை பெற்ற மாதருள் உலகெங்கும் நூற்றுக்கு 13 பேர் அளவில் மனச்சோர்வு முதலிய மனநோய்க்கு ஆளாகின்றனரென்றும், வளரும் நாடுகளில் அது ஐவரில் ஒருவர் அளவென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காரணமின்றி அழுகின்றவளை, குழந்தையை ஏறெடுத்துப் பாராதவளை, உறக்கமும் உணவும் ஒழிந்தவளை நாம் என்னென்று அழைத்தோம்? காற்றுக் கருப்பென்றோம், பேயென்றோம், கல்நெஞ்சக்காரியென்றோம். பூசாரிக்கு ஆளனுப்பினோமேயன்றி வைத்தியருக்கு அனுப்பினோமில்லை. ‘உனக்கு என்னம்மா செய்கிறது?’ என்று அவளைக் கேட்டவர் அரியர்.

இன்னொரு தடை உண்டு. ‘எங்கள் பாட்டி லயத்துக் காம்பராவிலேயே பத்துப் பெற்றாள், அவளுக்கு எந்தத் தாதி வந்தாள்?’ என்பது அது. பத்துப் பெற்றுப் பிழைத்த பாட்டிக்காகச் சாட்சி சொல்லப் பேரர் இருக்கின்றனர். தலைப்பிள்ளையோடு மாண்டவளுக்காகச் சாட்சி சொல்ல யார் இருக்கின்றனர்? கணக்கு ஒன்றே அவளுக்குச் சாட்சி. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாவில், ஓரிலட்சம் பிறப்புக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1990-களில் அத்தொகை 50-க்குக் கீழ் இறங்கிவிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியரும், கிராமத்துக் கிளினிக்குகளும், வீடுதேடி வரும் தாதியரும், இரத்தம் ஏற்றும் வசதியும் செய்த நன்மை இது. 1991 முதல் மலேசியாவில் தாய்மார் சாவு ஒவ்வொன்றையும், யாரைத் தண்டிப்பது என்று பாராமல் எங்கே தவறிற்று என்று ஆராயும் முறையும் ஏற்பட்டது.

அந்நன்மை எல்லார்க்கும் ஒரே வேளையில் வந்ததா? வரவில்லை. 1950-களிலும் 1960-களிலும் கிராம சுகாதார நிலையங்கள் பெருகிய காலத்தில், தோட்டம் தனியார் நிலமாகவும் அதன் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பாகவும் கருதப்பட்டது. கம்பத்துப் பெண்ணுக்கு அரசாங்க மருத்துவச்சி. தோட்டத்துப் பெண்ணுக்கு டிரஸரும், நிர்வாகத்தின் மனமும். நம் மாதர் இழந்தது வேறொன்றும் உண்டு. தாய்நாட்டில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இருந்தது. அங்கே அவள் மருமகளல்லள், மகள். வலிக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவள் தாலியும் துணிமூட்டையும் கொண்டுவந்தாள். தாய்வீட்டைக் கொண்டுவர இயலவில்லை. அவ்விடத்தை இந்நாட்டில் யார் நிரப்பினர்?

இன்று சட்டம் சிறிது நிரப்பியிருக்கின்றது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 60 நாளாயிருந்த பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. கணவனுக்கும் 7 நாள் விடுமுறை ஏற்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டம் நாளைத் தரும். நள்ளிரவில் வண்டியைத் தராது. விடுமுறை தரும், ‘உனக்கு எப்படியிருக்கிறது?’ என்னும் வினாவைத் தராது. பட்டணத்து அடுக்குமாடியில் வாழ்வார்க்கும் இது பொருந்தும். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், கணவனுடைய ஓய்வுநாள் வரட்டுமென்று கதவுக்குள்ளே காத்திருக்கும் பெண்ணுக்கு அத்தூரம் நூறு மைலே.

மற்றுமொரு கூட்டத்தாரை நாம் மறத்தலாகாது. நம்மவர் விட்டுச் சென்ற தோட்டங்களில் இன்று அயல்நாட்டார் பலர் உழைக்கின்றனர். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் செலுத்த வேண்டிய கட்டணம் குடிமக்களின் கட்டணத்தினும் பன்மடங்கு. அவர்களிற் பிள்ளை பெற்றவளொருத்தி செலவுக்கு அஞ்சி மறைந்து கிடப்பாளாயின், ‘அவள் நம்மவளல்லள்’ என்று சொல்ல நமக்கு நா எழலாமா? நம் பாட்டிமாரும் ஒரு காலத்தில் இம்மண்ணில் அயல்நாட்டுக் கூலிகளே. பிள்ளை தந்ததற்குக் கைம்மாறாகத்தான் தாயைப் பேணுகிறோமெனின், பிள்ளையை இழந்தவளுக்கும் அயலாளுக்கும் நாம் கடன்பட்டோமல்லோம் என்றாகிவிடும். அது அறமாகுமா? உதிரம் போவது பிள்ளைக்குத் தாயாக மட்டுமன்று, மனித உயிராக. அவ்வுயிர்க்கே நம் கடன்.

அன்பர்களே! பெருந்திட்டம் எதனையும் நாம் கூற வரவில்லை. பிள்ளை பெற்றவளை, மாமியும் கணவனும் அருகில்லாத நேரத்தில், ஒரு முறையேனும் தனியே கேளுங்கள். ‘வலிக்கிறது’ என்று அவள் சொன்னால், வேறு சான்று தேடாதீர்கள். அச்சொல்லே வண்டிக்கு உத்தரவாகட்டும். தாதி வந்து கேட்கும்பொழுது, விடை அவள் வாயிலிருந்தே வரட்டும். தோட்டத்தில் ஏடெழுதுவோரும், மேற்பார்வை செய்வோரும், வண்டி ஓட்டுவோரும், பிரசவித்த வீட்டாருக்கு வண்டி கொடுக்க விடியலை எதிர்பாராதிருப்பாராக. ஆண்மக்கள், இது பெண்கள் காரியமென்று திண்ணையில் அமர்ந்திராது, மேலே கூறிய அறிகுறிகளைத் தாமும் கற்றறிவாராக.

நம் மேசைமேலிருந்த பேரேட்டிலே குழந்தை பிறந்த நாளை எழுத ஒரு கட்டம் இருந்தது. தாயின் நலத்தை எழுதக் கட்டமே இல்லை. இப்பொழுது அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். லயத்தில் யாரேனும் பிள்ளை பெற்றால், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எம் மனையாள் சென்று கேட்டுவந்து சொல்ல, அக்கட்டத்தில் எழுதுகிறோம். நிர்வாகம் அதனைக் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்பதுமில்லை. தாய்வீடு கடலுக்கப்பால் நின்றுவிட்ட பெண்ணுக்கு, அவள் வாழும் சமூகமே தாய்வீடு. அவ்வீட்டில் அவள் வாய்விட்டுச் சொல்லலாகாதென்றால், நாம் அவளுக்குச் சூட்டும் தாயென்னும் பெயரால் யாருக்கு என்ன பயன்?